மனச்சோர்வா, பைபோலாரா? முதல் சந்திப்பு முதல் லித்தியம் ரத்தப் பரிசோதனை வரை

மனநல மருத்துவரிடம் முதல்முறை வருகிறவர்களில் பெரும்பாலோர் சோர்ந்துபோன நிலையில்தான் வருகிறார்கள். பைபோலார், அதாவது எல்லை மீறிய உற்சாகமும் சோர்வும் வெவ்வேறு காலங்களில் வரும் மனநோய், உள்ளவரும் அப்படித்தான் வருவார். உற்சாகம் தலைக்கேறி இருக்கும்போது தனக்கு நோய் என்று அவருக்கே தோன்றாது. சோர்வு வந்த பிறகுதான் டாக்டரைத் தேடுவார். சிக்கல் இங்கேதான். சாதாரண மனச்சோர்வுக்கு எழுதும் மாத்திரையைப் பைபோலார் உள்ளவருக்குத் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு மேனியா, அதாவது அந்த எல்லை மீறிய உற்சாக நிலை, கிளம்பிவிடும். அதனால் இன்றைய சோர்வை மட்டும் பார்த்து மருந்து எழுத முடியாது. பத்து வருடத்துக்கு முன் நடந்ததையும் கேட்டாக வேண்டும். அதைச் சொல்ல ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. கூடவே வாழ்ந்த வீட்டார்தான் சொல்ல முடியும்.

இந்தக் கட்டுரை நோயாளிக்கும் வீட்டாருக்கும். இதில் வரும் மருந்தளவுகள் சீட்டில் இருப்பதைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. பார்த்து வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல.

1. போவதற்கு முன்: ஒரு தாளில் காலவரிசை

ஒரு முழுத் தாளை எடுத்து, பதினைந்து வயதிலிருந்து இன்றுவரை நடந்ததை வருடவாரியாக எழுதுங்கள். எப்போது சோர்ந்து கிடந்தார், எப்போது வழக்கத்துக்கு மீறி ஓடியாடினார், அப்போது எத்தனை மணி நேரம் தூங்கினார், செலவு எப்படி, குடி உண்டா, எத்தனை நாள் நீடித்தது, எப்படிச் சரியானது. பெண்களானால் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களைத் தனியாகக் குறியுங்கள். பைபோலார் முதன்முதலில் தலைகாட்டும் காலங்களில் அதுவும் ஒன்று.

மாதிரிக்கு இரண்டு வரி:

"2016, கல்லூரி இரண்டாம் ஆண்டு. இரண்டு மாதம் வகுப்புக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. தானாகச் சரியானது."

"2019 சித்திரை. பத்து நாள், ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூக்கம். களைப்பே இல்லை. மூன்று பேரிடம் கடன் வாங்கிக் கடை போட்டார். கேட்டவர்களிடமெல்லாம் சண்டை. ஆடி மாதத்திலிருந்து படுத்த படுக்கை."

டாக்டர் தேடுவது இரண்டாவது வரியைத்தான். வீட்டார் பெரும்பாலும் சொல்லாமல் விடுவதும் அதைத்தான். ஏனென்றால் அது அவர்கள் நினைவில் நோயாகப் பதிந்திருக்காது; திமிர், கெட்ட சகவாசம், ஜாதகத்தில் நேரம் சரியில்லை, சாமி வந்தது என்று வேறு பெயரில் இருக்கும். என்ன பெயரில் இருந்தாலும் எழுதுங்கள். பெயர் வைப்பது டாக்டர் பாடு.

பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போடுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது மேனியாவையும் தூண்டும், சோர்வையும் தரும். பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடியும் இதில் சேர்த்தி. குடும்பத்தில் தாய்மாமாவுக்கோ அத்தைக்கோ "சித்தம் கலங்கியிருந்தது", யாராவது தற்கொலை செய்துகொண்டார் என்றால், பெண் பார்க்கும் இடத்தில் மறைப்பதுபோல இங்கே மறைக்காதீர்கள்.

2. டாக்டர் என்ன கேட்பார், ஏன் கேட்பார்

மனச்சோர்வு என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. மனம் வாடிக் கிடப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது, இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கூடவே தூக்கம், பசி அல்லது எடை, களைப்பு, கவனம், உடல் அசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமை, குற்ற உணர்வு, சாகும் எண்ணம் என்ற பட்டியலில் உள்ளவையும் சேர்ந்து ஒன்பதில் ஐந்தாவது, இரண்டு வாரம், கிட்டத்தட்ட தினமும் இருக்க வேண்டும். நம் ஊரில் "சோகமாக இருக்கிறது" என்று வாயைத் திறந்து சொல்பவர்கள் குறைவு. தலை பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி என்றுதான் வருவார்கள். ஈசிஜி, எண்டோஸ்கோபி எல்லாம் முடித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டு, அதற்குப் பிறகே மனநலப் பிரிவு வாசலுக்கு வருபவர்கள் நிறைய.

மேனியாவுக்கு ஒரு வாரம் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் நாள் கணக்கு பார்ப்பதில்லை. அதன் மெல்லிய வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள். அதில் வேலை கெட்டுப்போகாது, சிலர் வழக்கத்தைவிட நன்றாகவே வேலை செய்வார்கள். அதனால்தான் அது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ஒரே ஒரு மேனியா வந்திருந்தாலும் பைபோலார் முதல் வகை. ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வந்திருந்தால் இரண்டாம் வகை.

மனச்சோர்வையும் மேனியாவையும் பிரித்துக் காட்டும் கேள்விகளில் மிகக் கூர்மையானது தூக்கம் பற்றியது. "ரெண்டு மணி நேரம்தான் தூங்கினேன்" என்று சொன்னால் பாதிப் பதில்தான் கிடைத்திருக்கிறது. தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுத்து, காலையில் அடித்துப் போட்டதுபோல எழுந்தாரா? அது சோர்விலும் பதற்றத்திலும் வருவது. தூக்கம் தேவையே படாமல், மூன்று மணிக்கு எழுந்து பீரோவை ஒழுங்குபடுத்தி, விடிந்ததும் பளிச்சென்று வேலைக்குக் கிளம்பினாரா? அது மேனியாவின் பக்கம். அம்மாவிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். மகன் "நல்லாத்தான் இருந்தேன்" என்பார். அதனால் நோயாளியைத் தனியாகவும் வீட்டாரைத் தனியாகவும் பார்ப்பது வழக்கம். டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேனியா என்றாலே சிரிப்பும் பாட்டும் என்று நினைப்பது தவறு. எரிந்து விழுவது, சந்தேகம், அடிதடி என்று மட்டுமே வருபவர்களும் உண்டு. சோர்வும் துடிப்பும் ஒரே நேரத்தில் கலந்து வருவதும் உண்டு. சாக நினைக்கும் மனமும் அதைச் செய்து முடிக்கும் வேகமும் ஒன்றாக இருப்பதால், அந்தக் கலப்பு நிலைதான் மிக ஆபத்தானது.

மேனியா பற்றிய தகவலே கிடைக்காவிட்டாலும் டாக்டரை உஷாராக்கும் சில தடயங்கள் இருக்கின்றன. சோர்வு 25 வயதுக்கு முன்பே தொடங்கியது, பலமுறை திரும்பத் திரும்ப வந்தது, தூக்கமும் பசியும் குறைவதற்குப் பதில் கூடியது, காதில் குரல் கேட்டது, பிரசவத்தை ஒட்டி வந்தது, நெருங்கிய உறவில் பைபோலார் இருப்பது, முன்பு சோர்வு மாத்திரை போட்டதும் தூக்கம் போய்ப் படபடத்தது. இவை இருப்பதாலேயே பைபோலார் என்று முத்திரை குத்திவிட முடியாது. மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, பத்து நாளில் திரும்ப வரச் சொல்ல இவை போதும்.

பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கையில் கொடுக்கலாம். 27க்கு 10ஐத் தொட்டால் மிதமான சோர்வு, 20ஐத் தொட்டால் கடுமையானது. இது வெப்பமானி மாதிரி: எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. கடைசிக் கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பாரம் இறங்கினாற்போல அழுதுவிடுபவர்கள்தான் உண்டு.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் செயல்பாடு, டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு) ஆகியவற்றை எடுப்பார்கள். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், கூடினால் மேனியா மாதிரி. ஐம்பது வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதன்முறையாக மேனியா வந்தால், மூளையிலோ உடம்பிலோ வேறு காரணம் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் பைபோலார் என்பார்கள்.

3. மனச்சோர்வு மட்டும்தான் என்றால்

லேசானது என்றால் பேச்சு சிகிச்சையே போதும். மிதமானதிலிருந்து மாத்திரை சேரும். எஸ்சிடலோபிராம் 5 மி.கி. ஒரு வாரம், பிறகு 10. அல்லது செர்ட்ராலின் 25இல் தொடங்கி 50. இது வழக்கமான தொடக்கம். காலையில் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும்.

முதல் வாரத்தில் பக்கவிளைவு வரும், பலன் வராது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் "மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில், அதிலும் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம், பதற்றமோ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கவனியுங்கள். திடீரென்று தூக்கம் குறைந்து பேச்சும் சுறுசுறுப்பும் கூடினால் "மருந்து நல்லா வேலை செய்யுது" என்று மகிழ்வதற்குமுன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கூடவே எழுதப்படும் குளோனாசெபாம் போன்ற தூக்க மாத்திரை இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதை மட்டும் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள், சிகிச்சையை விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள்.

4. பைபோலார் என்றால்

மேனியா நடந்துகொண்டிருந்தால், போட்டுக்கொண்டிருக்கும் சோர்வு மாத்திரையை நிறுத்துவது முதல் வேலை. அடுத்து மேனியாவை அடக்கும் ஓலன்சபின், ரிஸ்பெரிடோன் போன்ற ஒன்று, கூடவே மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் அல்லது வால்புரோயேட். தாங்க முடியாத நிலைக்குப் போனால் உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். பைபோலாரில் வரும் சோர்வுக்கு வழி வேறு: குவெட்டியபின் (பெரும்பாலும் 300 மி.கி. வரை, இரவில்), லமோட்ரிஜின், லித்தியம். சோர்வு மாத்திரை சேர்த்தாலும் இவற்றில் ஒன்றின் துணையோடுதான்.

சில எச்சரிக்கைகள். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதப்பட்டால் கேள்வி கேளுங்கள். கர்ப்பத்தில் அதை எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு. "இப்போ கல்யாணம் ஆகலையே" என்பது பதில் ஆகாது. லமோட்ரிஜினை 25 மி.கி.யில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஏற்ற வேண்டும்; வால்புரோயேட்டோடு சேர்த்தால் அதிலும் பாதி. அவசரப்பட்டு ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வரலாம். தடிப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி ஆரம்ப அளவிலிருந்துதான். ஓலன்சபினும் குவெட்டியபினும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். தொடங்கும் நாளன்றே எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்துவைத்து, மூன்றாம் மாதம் மறுபடி பாருங்கள்.

5. லித்தியம்: பயப்பட வேண்டியது மாத்திரையைக் கண்டு அல்ல

ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் இதன் பலனை எழுதினார். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் பைபோலாரின் நீண்டகாலக் காவலுக்கு இதுதான் முதல் தேர்வு. தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்கு இதற்கு இருக்கும் அளவு ஆதாரம் இந்த நோயின் வேறு மருந்துக்கு இல்லை. விலையும் குறைவு. ஆனாலும் "கிட்னி போயிடும்" என்ற ஒரே வார்த்தையில் பாதிப்பேர் தட்டிக்கழித்துவிடுகிறார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியதுதான். ஆனால் அளந்து பார்த்துக்கொண்டே போனால் கெடுதல் முன்கூட்டியே தெரிந்துவிடும். அளக்காமல் போடுவதுதான் ஆபத்து.

தொடங்குமுன் கிரியாட்டினின், டிஎஸ்ஹெச், கால்சியம் பார்க்க வேண்டும். இதயக் கோளாறு இருந்தால் ஈசிஜியும். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. 300 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ என்று தொடங்கி, ஐந்திலிருந்து ஏழு நாளில் ரத்தத்தில் லித்தியம் அளவு எடுப்பார்கள். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதேபோல. நிலைபெற்ற பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ரத்தம் கொடுக்கும் நாளில்தான் நிறையத் தவறு நடக்கிறது. கடைசி மாத்திரைக்கும் ஊசி குத்துவதற்கும் இடையே 12 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். காலை மாத்திரை இருந்தால் அதைக் கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். வழக்கம்போல ஏழு மணிக்குப் போட்டுவிட்டுப் போனால் உண்மையில் 0.7 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) இருப்பது 1.1 என்று வரும். பார்த்த டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். இரண்டு மாதத்தில் மேனியா திரும்பும். இன்னொன்று, லேபில் "லித்தியம் ஹெப்பாரின்" பூசிய பச்சை மூடிக் குழாயில் எடுத்தால், குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்து கணக்காகும். எதிர்பாராமல் உயர்ந்த ரிப்போர்ட் வந்தால், ஆள் நன்றாக இருந்தால், இந்த இரண்டையும் முதலில் விசாரியுங்கள்.

ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டிய அளவு, நீண்டகாலத்துக்கு 0.6 முதல் 0.8 வரை. மேனியா நடக்கும்போது 0.8 முதல் 1.0, சிலருக்குச் சற்று மேலே. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இவ்வளவுதான் இடைவெளி.

அந்த இடைவெளியைக் கடக்க வைப்பவை பெரும்பாலும் மனநலத்தோடு சம்பந்தமில்லாத விஷயங்கள். முழங்கால் வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரூஃபென். ரத்தக்கொதிப்புக்குத் தரும் டெல்மிசார்டன், லொசார்டன், எனலாபிரில், ரமிப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு. இவை எல்லாம் லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். எந்த டாக்டரிடம் போனாலும் "லித்தியம் எடுக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உப்பும் முக்கியம். உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறக் கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலை, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், நோன்பு, வாந்தி பேதி எல்லாம் இதே கணக்குதான். நோன்போ விரதமோ இருக்க விரும்பினால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். வாந்தி பேதி என்றால் அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து, ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே அன்றே டாக்டரைக் கேளுங்கள்.

கை விரல்களில் மெல்லிய நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் எடை கூடுவது: இவை சாதாரண அளவிலேயே வரும், சரிசெய்யலாம். டம்ளரைப் பிடிக்க முடியாத பெரிய நடுக்கம், குடித்தவர் போலத் தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தி, மந்தம், குழப்பம் வந்தால் அது நஞ்சு. மறுநாள் ஓபிக்குக் காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்தி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டையும் கூடவே போகட்டும்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. "நல்லாயிட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்தினால் மேனியா வழக்கத்தைவிட வேகமாகத் திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாக. சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. லித்தியத்தில் இதைச் செய்யவே கூடாது. தான் எடுப்பதே தெரியாதவர் எப்படி வலி ஊசியை மறுப்பார், வாந்தி வந்தால் எப்படி நிறுத்துவார்?

6. வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு பாக்கெட் நோட்டு. தினமும் ஒரே வரி: தூங்கிய மணி நேரம், மனநிலைக்கு மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை ஓர் எண், மாத்திரை போட்டதா. தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லை என்றால் அதுதான் முதல் மணி. கல்யாண வீட்டில் ராத்திரி முழுக்க விழிப்பது, திருவிழா, இரவு ஷிப்ட், நேர மண்டலம் மாறும் விமானப் பயணம் எல்லாமே மேனியாவைத் தூண்டும். இரவு ஷிப்டிலிருந்து மாற்றச் சொல்லி மருத்துவச் சான்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நன்றாக இருக்கும் காலத்திலேயே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன அறிகுறி தெரிந்தால் ஏடிஎம் கார்டையும் வண்டிச் சாவியையும் யாரிடம் கொடுப்பது, யார் பேச்சைக் கேட்பது, எந்த ஆஸ்பத்திரி. வங்கிச் செயலியில் தினசரிப் பரிமாற்ற வரம்பைக் குறைத்துவையுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தச் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை உண்டு. மின்னதிர்வு சிகிச்சையை (ஷாக் ட்ரீட்மென்ட்) மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பதை அதே சட்டம் தடை செய்திருக்கிறது. சாப்பிடாமல், பேசாமல், சாவை நோக்கிப் போகும் கடும் சோர்வில் அது உயிர் காக்கும் சிகிச்சை. சினிமாவில் பார்த்ததை வைத்து மறுக்காதீர்கள்.

சாகும் எண்ணம் இருக்கும் வீட்டில் மாத்திரையை வீட்டார் பூட்டிவைத்து வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும். லித்தியம் ஒரு மாத அட்டை மொத்தமாகக் கையில் இருப்பது ஆபத்து. விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கக் கூடாது. தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று ஒளித்து வைத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது.

செலவுக்குப் பயந்து நிறுத்தத் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வருகிறார்கள், மாத்திரைகள் இலவசம். லித்தியம் அளவு பார்க்கும் வசதி சிறிய மருத்துவமனையில் இல்லையென்றால் வெளியே லேபில் எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டின் மேலேயே கடைசி மாத்திரை போட்ட மணியையும் ரத்தம் எடுத்த மணியையும் பேனாவால் எழுதிக் கொண்டுபோங்கள்.